யாருடைய விருந்தாளி?

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தியா என்று பெயர். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். ஆபீஸ் இப்போது கிடர்பூரில் இல்லை. நியூ டவுனில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது. பழைய கம்ப்யூட்டர்களை ஒழித்துக்கட்டும் வேலையை இவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றைத் திறந்து பார்த்தபோது, ஆபீஸுக்கு வரும் வெளியாட்கள் இன்டர்நெட் பயன்படுத்த நாங்கள் அந்தக் காலத்தில் எழுதி வைத்த பக்கம் கிடைத்ததாம். பேர், கப்பல் பேர் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கட்டம்: 'யாருடைய விருந்தாளி?' அதை நிரப்பாமல் பக்கம் நகராது. அதைவிட வேடிக்கை, அந்தக் கட்டத்தில் பேர் எழுதப்பட்ட ஊழியர் தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினால் விருந்தாளியின் இணைப்பும் அறுந்துவிடும்.

"மாஷிமா, இதுல என்ன லாஜிக்? இப்பல்லாம் மொபைல் நம்பர் போட்டா ஓடிபி வரும், அவ்வளவுதான். யாரும் யாருக்காகவும் உக்காந்திருக்க வேண்டாமே," என்றாள். மாஷிமா என்றால் பெரியம்மா; கல்கத்தாவில் வயதான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பாதுகாப்புக்காக என்று சொன்னேன். அவளும் 'ஓ, செக்யூரிட்டி' என்று வைத்துவிட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அது செக்யூரிட்டி மட்டும் இல்லை. அது நந்திதா தி, என் பழைய மேலதிகாரி. அவரைப் பற்றிப் போனில் சொல்லி முடியாது என்றுதான் பேச்சைச் சுருக்கினேன். போனில் வராததை எழுதிப் பார்க்கிறேன்.

நான் கோமதி. அப்பா பாங்க் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்; நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தாவில். லேக் கார்டன்ஸில் இன்றும் அதே வீடு. கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சி கம்பெனியில் டெலக்ஸ் அடிக்கச் சேர்ந்தேன். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு தடவையும் 'இனி கோமதிக்கு வேலை இல்லை' என்று கான்டீனில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் புதுசைப் படித்துவிட்டு வா என்று என்னைத்தான் அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் பிரிவு என்று தனியாக ஒன்று ஆரம்பித்து, அதற்குத் தலைவியாக நந்திதா தியைக் கொண்டுவந்தார்கள்.

'தி' என்றால் அக்கா. மேலதிகாரியை அக்கா என்று கூப்பிடுவது இந்த ஊர் வழக்கம். அதனால் பயம் குறையும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் நந்திதா தியைப் பார்த்ததில்லை. கஞ்சி போட்ட தாந்த் கைத்தறிப் புடவை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் வாட்ச். சர்வர் அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றி, அதற்கென்றே வைத்திருக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைக்கத் துடைக்க, செய்த தப்பை நாமே தேட ஆரம்பிப்போம். என் பேரைக் 'கோமொதி' என்று அவர் சொல்லும்போது ஏதோ பெரிய ஆற்றின் பேர் மாதிரி இருக்கும். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வரும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்துத்தான் இந்த விருந்தாளித் தொல்லை ஆரம்பித்தது. கப்பல் கரைக்கு வந்தால் கேப்டனும் இன்ஜினியர்களும் எங்கள் ஆபீஸுக்கு வருவார்கள். முன்பெல்லாம் போன் கேட்பார்கள். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்கு மெயில் அனுப்ப இன்டர்நெட் கம்பி கேட்டார்கள். மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்களிடம் இல்லை என்று யார் சொல்வது? கையில் கிடைத்த கம்பியைக் கொடுத்தோம். அப்படி ஒருவருடைய லேப்டாப்பிலிருந்து வைரஸ் இறங்கி, எங்கள் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஒரு பகல் முழுக்கப் படுத்துவிட்டன. கஸ்டம்ஸுக்குப் போக வேண்டிய சரக்குப் பட்டியல் போகவில்லை. பட்டியல் போய்ச் சேராமல் கப்பல் உள்ளே வர முடியாது; ஆற்றில் நங்கூரம் போட்டு நின்றது. முதலாளி, இனி எந்த வெளியாளுக்கும் கம்பி கிடையாது என்று உத்தரவு போட்டார்.

நந்திதா தி முதலாளியின் அறைக்குப் போய், கதவைச் சாத்துவது தீர்வு இல்லை, வாசலை ஒழுங்காகக் கட்டித் தருகிறேன் என்று அனுமதி கேட்டு வாங்கி வந்தார். வந்து என்னிடம், "வீட்டுக்கு வர்றவங்களை வாசல்லயே நிறுத்தக் கூடாது, கோமொதி. ஆனா சமையலறை வரைக்கும் விடவும் கூடாது," என்றார்.

அதைத்தான் நாங்கள் கட்டினோம். ஒரே கம்பிக்குள் இரண்டு தெரு. ஒன்று ஊழியர்களுக்கு, ஒன்று விருந்தாளிகளுக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்குச் சந்து கிடையாது. விருந்தாளி வரவேற்பறையில் லேப்டாப்பைத் திறந்து எந்த முகவரியைத் தட்டினாலும் முதலில் எங்கள் பக்கம்தான் எழும்பும். அதில் பேரும் கப்பலும் எழுதி, யாருடைய விருந்தாளி என்று சொல்ல வேண்டும். அந்த ஊழியருக்கு மெயில் போகும். அவர் எழுந்து வந்து ஆளைக் கண்ணால் பார்த்து, தன் பாஸ்வேர்டைப் போட்டு 'ஆமாம், என் விருந்தாளிதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் விருந்தாளிக்கு அன்று ஒரு நாளைக்கு மட்டும் செல்லும் பேரும் ரகசியச் சொல்லும் கிடைக்கும். மெயில் பார்க்கலாம், இணையப் பக்கங்கள் பார்க்கலாம். வேறு எதுவும் ஓடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள, யாரும் சீந்தாத ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி வைத்தேன். தியா கண்டெடுத்தது அதைத்தான்.

முடித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்தபோது நந்திதா தி வரவேற்பறைக்குப் போய், விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து, திருடன் மாதிரி உள்ளே நுழையப் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் அவர் சோதிக்கும் முறை. தான் கட்டியதை உடைக்கத் தானே உட்காருவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பிரின்டர் தானாகவே அடித்துத் தள்ளியதாம். அதில் பெரிய எழுத்தில் வங்காளத்தில், 'நான் உள்ளே வந்துவிட்டேன்' என்று இருந்தது. பிரின்டருக்குப் போகும் வழியை நான் அடைக்க மறந்திருந்தேன். அந்தக் காகிதத்தை அவர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் முழுக்க நான் சந்து பொந்தெல்லாம் அடைத்தேன். என் வீட்டுக்காரர், "இனிமே உன்னைப் பார்க்கணும்னா உங்க ஆபீஸுக்கு விருந்தாளியா வந்தாத்தான் உண்டு போல," என்று கேலி செய்தார். மறுபடி நந்திதா தி உட்கார்ந்தார். சாயங்காலம் வரை முட்டிப் பார்த்துவிட்டு எழுந்து, டீ சொல்லு என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

விருந்தாளி இருக்கும்வரை அழைத்தவர் கிளம்பக் கூடாது என்ற விதி அன்றைக்கு அந்த டீயின்போதுதான் பிறந்தது. வடக்குக் கல்கத்தாவில் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். வந்தவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு வீட்டுக்காரர் தன் வேலையைப் பார்க்கப் போனால் அது அவமானம் என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றேன். ஆனால் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று ஒன்றும் சொல்வோம் என்றேன். சிரித்துவிட்டு, அதனால்தான் ஒரு நாள் பாஸ்வேர்டு கொடுக்கிறோம் என்றார். இணைப்பை முடிக்கும் பொத்தானில் 'லாக் அவுட்' என்று நான் எழுதியிருந்ததை அழிக்கச் சொன்னார். வங்காள வீட்டிலிருந்து கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்ல மாட்டார், 'ஆஷி' என்பார். நாம் 'வரேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோமே, அதேதான். பொத்தானில் 'ஆஷி' என்று எழுதினோம். கிரேக்கக் கேப்டன்களும் பிலிப்பினோ இன்ஜினியர்களும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை அழுத்தும்போது வாய்விட்டுச் சொல்வார்கள். மாதத்தில் பாதி நாள் கடைசி விருந்தாளி எழுந்திருக்கும்வரை நானோ அவரோ உட்கார்ந்திருப்போம். வெளியே லாரிகள் ஹார்ன் அடிக்க, உள்ளே யாரோ ஒருவர் தன் பெண்டாட்டி எழுதியதைப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பார். எனக்கு வேலையில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். இன்று கேட்டாலும் அந்த நேரத்தைத்தான் திருப்பிக் கேட்பேன்.

நந்திதா தி ஓய்வு பெற்ற அன்று, மாலை போட்டுப் பேச்செல்லாம் முடிந்த பிறகு என்னைச் சர்வர் அறைக்குக் கூட்டிப் போனார். ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். வேலையை விட்டுப் போகிறவரின் பேரைக் கம்ப்யூட்டரிலிருந்து அன்றைக்கே நீக்க வேண்டும் என்பது அவரே எழுதிய நடைமுறை. "என் எதிர்லயே செய்," என்றார். நான் நாளைக்குச் செய்கிறேனே என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். நான் நீக்கினேன்.

அதற்குச் சில மாதம் கழித்து அந்த மழை நாள். அவருக்கு ஒரே மகன், ஜொய். புருஷன் போன பிறகு அவர் தனியாக வளர்த்த பிள்ளை. கனடாவில் ஹேலிஃபாக்ஸில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, பதிவுத் திருமணம் என்று முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் இன்டர்நெட்டில் வீடியோ வழியாகக் கல்யாணத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான். அதற்காகவே பெஹாலா வீட்டில் பிராட்பேண்டு போட்டு, கேமரா வாங்கி மாட்டி, ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தார். கல்யாணத்தன்று மத்தியானம் பெய்த மழையில் அவர்கள் பேட்டை முழுக்க டெலிபோன் கம்பி செத்துவிட்டது. அங்கே காலை, இங்கே சாயங்காலம் ஏழரைக்குக் கையெழுத்து. முழங்கால் தண்ணீரில் நடந்து, ரிக்‌ஷா பிடித்து, ஆறரைக்கு லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்.

என் நாற்காலியில் உட்காருங்கள் என்றேன். ஊழியர் தெருவில் வீடியோ ஓடும். அவர் அசையவில்லை. "என் பேரை நீதானே எடுத்தே? நான் இப்ப விருந்தாளி," என்று சொல்லிவிட்டு வரவேற்பறையில் போய் உட்கார்ந்து, பக்கத்தைத் திறந்து, யாருடைய விருந்தாளி என்ற கட்டத்தில் என் பேரை எழுதினார். நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் விருந்தாளித் தெருவில் வீடியோ ஓடாதே? புதுத் தலைவருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷர். தி கேட்டு யார் மறுப்பது, உடனே திறந்துவிடு என்றார். எனக்கு உயிர் வந்தது. திறக்கப் போனேன்.

"இன்னிக்கு எத்தனை கப்பல்?" என்று கேட்டார் நந்திதா தி.

இரண்டு. இரண்டின் சரக்குப் பட்டியல்களும் அப்போதுதான் கஸ்டம்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தன. மழையில் எங்கள் லைனும் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் வீடியோவும் ஏறினால் பட்டியல் நடுவழியில் நிற்கும். அது எனக்கும் தெரியும்.

"வேண்டாம், மூடு," என்றார்.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கவில்லை. நீங்கள் ஓய்வு பெற்றாயிற்று, கப்பல் ஒரு ராத்திரி ஆற்றில் நின்றால் உலகம் கவிழாது, பெற்ற பிள்ளைக்கு ஒரு தடவைதான் கல்யாணம் என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழையில் நனைந்த தலைப்பு. துடைக்கத் துடைக்க ஈரம்தான் ஆயிற்று. "அந்தக் கப்பல்லயும் வீட்டுக்குப் போகணும்னு காத்துட்டு இருக்காங்க, கோமொதி," என்றார். பிறகு, மெயில் ஓடும் இல்லையா என்று கேட்டார்.

ஜொய்க்கு எழுதினார்: வீடியோ முடியாது, போட்டோ எடுத்து ஒவ்வொன்றாக அனுப்பச் சொல். பதில் உடனே வந்தது. பக்கத்தில் இருந்ததால் நானும் படித்துவிட்டேன். 'உனக்கு எப்பவும் ஆபீஸ்தான், மா.' அவ்வளவுதான் எழுதியிருந்தான். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் டீ வாங்கி வரப் போகிறேன் என்று எழுந்தேன். அழைத்தவள் எழுந்திருக்கக் கூடாது என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். கை ஜில்லென்று இருந்தது.

ஏழரைக்கு மேல் படங்கள் வர ஆரம்பித்தன. சிறிசும் பெரிசுமாக, முன்பின் மாறி வந்தன. கேக் முதலில் வந்தது, பெண் சிரிப்பது அப்புறம். மூன்றாவது படம் ஒரு நாற்காலி. முன்வரிசையில் போட்டு, அதன் மேல் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஓரத்தில் பூங்கொத்துச் செருகியிருந்தார்கள். திரையில் ஒன்றும் இல்லை, கறுப்பு. அது அம்மாவுக்கு வைத்த இடம். அந்தப் படத்தை நந்திதா தி சீக்கிரம் மூடிவிட்டார்.

கையெழுத்துப் போடும் படம் கடைசியில்தான் வந்தது. ஜொய் குனிந்து எழுதுகிறான். அந்தப் பெண் அவன் தோளில் கை வைத்திருக்கிறாள். நந்திதா தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெதுவாகக் குலவை இட்டார். வங்காளக் கல்யாணத்தில் பெண்கள் கூடி இடுவது. தனியாக இட்டு நான் கேட்டதில்லை. என்னையும் இடச் சொன்னார். எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் குலவை உண்டு, ஆனால் லேக் கார்டன்ஸில் வளர்ந்த நாக்குக்கு வருமா? இருமல்தான் வந்தது. வேறு வழியில்லாமல் மேஜையில் இரண்டு கையாலும் கெட்டிமேளம் தட்டினேன். காவல்காரர் டார்ச்சோடு ஓடி வந்து பார்த்தார். கல்யாணம் என்று சொன்னோம். யாருக்கு என்று கேட்கவும் தோன்றாமல் அவர் வாழ்த்திவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பட்டியலும் போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகுதான், 'ஆஷி' என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார். வாசல் வரை கூடப் போய் ரிக்‌ஷா ஏற்றிவிட்டேன்.

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. சில நாள் சரி என்று படுகிறது. சில நாள் அந்த நாற்காலி கண் முன்னால் வந்து, போங்கள் நீங்களும் உங்கள் விதியும் என்று சண்டை போடத் தோன்றுகிறது.

இரண்டு மூன்று வருஷத்தில் அவருக்கு முழங்கால் முடியாமல் போயிற்று. ஜொய் நல்ல பிள்ளைதான். வந்து பெஹாலா வீட்டை மூடி, அம்மாவைக் கூட்டிப் போனான். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் ஆஷி என்றார். நானும் வாங்கோ என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அங்கே போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் கம்ப்யூட்டர் வழியாகக் கூப்பிட்டார். பனி, மருமகளின் சமையல், இலிஷ் மீன் கிடைக்காதது எல்லாம் பேசினார். பிறகு, தொழில் விஷயம் பேசுகிற குரலில், "ஜொய் வீட்ல வைஃபையை நல்லா அமைச்சிருக்கான். ரெண்டு நெட்வொர்க். ஒண்ணு குடும்பத்துக்கு, ஒண்ணு கெஸ்ட்டுக்கு," என்றார்.

உங்களுக்கு எது என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"ரெண்டாவது. மருமக பாஸ்வேர்டை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கா. சரியாத்தான் செஞ்சிருக்காங்க. என் பழைய லேப்டாப்ல என்னென்ன வைரஸோ. நான் சொல்லிக் கொடுத்ததுதானே," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "ஆனா இதுல அந்தக் கட்டம் இல்லை, கோமொதி. யாரோட விருந்தாளின்னு கேக்கவே இல்லை."

"என் பேரைப் போட்டுக்குங்க, தி," என்றேன். "நான் உக்காந்திருக்கேன்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கூப்பிடுவார். அவருக்கு அது சனிக்கிழமை ராத்திரி. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு பேசுவார். எனக்கு அடுப்பில் வேலை இருக்கும், வீட்டுக்காரர் காப்பி கேட்பார். நான் எழுந்திருக்க மாட்டேன். பேசி முடித்து அவர் ஆஷி சொன்ன பிறகுதான் எழுவேன். என் ஓய்வுக்குப் பிறகும் பல வருஷம் இது நடந்தது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிடர்பூர் வரவேற்பறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. அம்மாவுக்கு இப்போது ஆட்கள் பேர் நினைவில் நிற்பதில்லை, போனைக் கொடுத்தால் எதற்கென்று தெரியாமல் திருப்பித் தருகிறார் என்று துர்கா பூஜை வாழ்த்தோடு ஜொய் எழுதியிருந்தான்.

தியா கேட்ட லாஜிக் இதுதான். விருந்தாளி விடைபெறாமல் அழைத்தவள் எழுந்து போகக் கூடாது. அன்றைக்கு நந்திதா தி ஆஷி என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இன்னும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.